நீலக் குழாய், சிவப்புக் குழாய்

மேலாளர் கேட்டது வீரத்தை.
"ஆபத்தும் தெரியட்டும்,
ஆனால் கணக்குத் தொடங்க வருகிறவர்
பயந்து திரும்பிப் போகிற அளவுக்கு வேண்டாம்."
டைட்டஸ்வில்லில் அந்த வருடம்
முடிதிருத்தகம் முதல் மீன் தூண்டில் கடை வரை
எல்லோருக்கும் ஒரு ராக்கெட் தேவைப்பட்டது.
எங்கள் வங்கிக்கும்.

டெல்ஃபின் ஹாஸ்கெல் ஏணியோடு வந்தாள்.
ஐந்து வாரம்
டர்பன்டைன் நெடியில் நோட்டு எண்ணினேன்.
மூன்றாவது கவுண்டர்; நேர் எதிரே அந்தச் சுவர்.
நான்கு பேர் காலிலிருந்து தொடங்கி வந்தார்கள்:
வெள்ளிப் பூட்ஸ்,
இடுப்போடு அணைத்த ஹெல்மெட்,
முகம் கடைசியில்.
பின்னால் வெறும் கறுப்பு.
"நட்சத்திரம் போட்டால் அழகாகிவிடும்" என்றாள்.
மேலாளர் கெஞ்சிக் கெஞ்சி
மூன்று வாங்கினார்.

வெள்ளிக்கிழமைதோறும் ஆர்வில் டென்ச் வருவார்.
எண்பது டாலர் கையில், மீதி கணக்கில்.
அவருக்கு வேலை உடுத்திவிடுவது:
ஜிப்பை இழுத்து, கையுறையைத் திருகி,
மணிக்கட்டு வளையம் டக்கென்று பூட்டும்வரை
காதைக் கொடுத்துக் கேட்பது.
அன்று ரசீதை வாங்காமல் நின்றார்.
"ஏணியில் இருக்கிற அம்மா,
இடமிருந்து இரண்டாவது ஆளை
நாலு நிமிஷத்தில் கொன்றுவிட்டீர்கள்."

நீலத்தில் காற்று உள்ளே போகும்.
சிவப்பில் மூச்சு வெளியே வரும்.
அவள் மாற்றிச் செருகியிருந்தாள்.

டெல்ஃபின் சிரிக்கவில்லை.
கத்தியால் சுரண்டினாள், துடைத்தாள்,
அவர் கீழிருந்து சொல்லச் சொல்ல
சாயக் குழாயைச் சாய நெஞ்சில் பொருத்தினாள்.
"இன்னும் கால் திருப்பு. டக் கேட்டதா?"
"கேட்டது" என்றாள்,
தூரிகையைப் பல்லில் கடித்தபடி.

இரண்டாவது ஆள் லைல் கட்ஷா.
படம் முடிந்ததும் பார்க்க வந்து
"என் மோவாய் இவ்வளவு பெரிதா?" என்று தடவிக்கொண்டான்.
வந்ததே வந்தோம் என்று
மகள் பேரில் கணக்குத் தொடங்கினான்.
ஏழு டாலர்.

நவம்பரில் நடந்தது.
மேலே அல்ல.
மேலே போகிற வழியில்கூட அல்ல.
காற்றை உறிஞ்சி எடுத்த ஒத்திகை அறைக்குள்,
பதினோரு நிமிடச் சோதனையில்
ஆறாவது நிமிடம்.
ஆபத்து என்றால் அண்ணாந்து பார்க்க
ஊரே பழகியிருந்தது.
அது கதவுக் கைப்பிடி உயரத்தில் இருந்தது.

அடுத்த வெள்ளி டென்ச் வந்தார்.
காசோலையை நீட்டவில்லை.
வாடிக்கையாளர் நாற்காலியைச் சுவரோரம் இழுத்து
அதில் ஏறினார். காவலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
விரலால் நீலத்தைத் தொட்டார்.
சிவப்பைத் தொட்டார்.
மறுபடி நீலம்.

அதற்கடுத்த வெள்ளியும்.

ஏப்ரலில் அறிக்கை வந்தது:
ஒரு வால்வு, ஒஹாயோவில் வார்த்தது,
மயிரிழை விரிசல், யார் கையும் காரணமில்லை.
செய்தித்தாளை மடித்துக் கம்பிக்குள்ளிருந்து
வாசித்துக் காட்டினேன்.
"ஆமாம்" என்றார்.
நாற்காலியை இழுத்தார்.

கட்ஷாவின் தலைக்கு மேலே
நான்காவதாக ஒரு நட்சத்திரம் கேட்டார் மேலாளர்.
டெல்ஃபின் வந்தாள், மஞ்சள் டப்பாவைத் திறக்கவேயில்லை.
இருந்த மூன்றையும்
கறுப்பால் மூடிவிட்டுப் போனாள்.
கூலி வாங்கவில்லை.

ஏழு டாலருக்கு வட்டி ஏறுகிறது,
காலாண்டுக்கு ஒருமுறை, சில காசுகள்.
பதிகிறவள் நான்தான்.

வருடா வருடம் சுவரைத் துடைக்க ஒருவன் வருவான்.
வெள்ளி உடையின் நெஞ்சில், குழாய் சேருமிடத்தில்
நாணயம் அகலத்துக்குப் பழுப்பு.
விரலின் எண்ணெய்.
"கறையா, மேடம்?" என்பான் வாளியோடு.
அதை மட்டும் தொடாதே என்பேன்.
சொல்லிவிட்டுக் குனிந்தால்
கட்டில் எத்தனை எண்ணினேன் என்பது
மறந்திருக்கும்.
ஒன்றிலிருந்து தொடங்குவேன்.