ஐந்தில் இரண்டு

போன செவ்வாய்க்கிழமை
என் பாடத்தை நானே கைபேசியில் பதிந்து
டான்டினாங் ஸ்டேஷன் கார் நிறுத்தத்தில்
கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கேட்டேன்.

ஐம்பது நிமிடத்தில் நாற்பத்தொரு கேள்வி.
முப்பத்தெட்டுக்கு விடை முன்பே எனக்குத் தெரியும்.
மீதி மூன்று:
யார் அங்கே பேசுவது,
இன்று என்ன தேதி,
ஜன்னலைச் சாத்தலாமா.

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு விநாடி.
பல இடங்களில் அதுவும் இல்லை,
என் குரலே கேட்டு
என் குரலே சொல்லிவிடுகிறது.
கடைசியில், சந்தேகம் ஏதாவது?
இருபத்தாறு பேரின் மௌனம்
தெளிவாகப் பதிவாகியிருந்தது.

ஆங்கிலத்தில்தான் கேட்டிருந்தேன்.
காருக்குள் அது தமிழில் உறைத்தது:
சந்தேகத்தை நாம் தீர்ப்போம்,
கடனைத் தீர்ப்பதுபோல.
யாரும் அதை வளர்த்ததில்லை.

இன்று வியாழன். ஏழாம் வகுப்பு.
அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டு.
நியாவால் எழுந்து வந்து
ஐந்தில் இரண்டு என்று எழுதினாள்.
மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே.
மார்க்கரின் மூடியைப் போடாமல் நின்றாள்.

தப்பு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
கடித்துக்கொண்டேன்.
உள்ளுக்குள் எண்ணினேன், ஒன்று, இரண்டு,
மூன்றில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்,
நான்கில் பேக்கன்ஹாம் ரயில் போனது,
ஐந்து,
ஆறில் எனக்கு வேர்த்தது,
ஏழில்

முர்தசா சொன்னான்:
பாதி ரொட்டி தின்றேன்.
அப்புறம் இன்னும் கொஞ்சம் தின்றேன்.
கடைசியில் பாதிக்கும் குறைவாகத்தான் தின்றேன் என்கிறாயா?

சிரிப்பு. நியாவால் சிரிக்கவில்லை.
ரொட்டி இல்லை, நெட்பால், என்றாள்.
சனிக்கிழமை முதல் ஆட்டத்தில் இரண்டு எறிந்தேன், ஒன்று விழுந்தது.
அடுத்த ஆட்டத்தில் மூன்று எறிந்தேன், ஒன்று விழுந்தது.
மொத்தம் ஐந்தில் இரண்டு.
ஸ்கோர் தாளைக் கொண்டுவரவா?

எல்லாத் தலைகளும் தீர்ப்புக்காக
என் பக்கம் திரும்பின.
நான் தரையில் எதையோ தேடுவதுபோல் குனிந்தேன்.
உண்மையில் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.
பதினொரு வருடமாகச் சிவப்பால் அடித்த கணக்கு இது.
எத்தனை பேரிடம் ஒரு ஸ்கோர் தாள் இருந்திருக்கும்?

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து,
பிப்ரவரி முதல் வாய் திறக்காத சொவன்,
மேசையைப் பார்த்தபடி:

எதில் பாதி?

அவ்வளவுதான். அறை உடைந்தது.
ரொட்டி ஒன்றா இரண்டா,
முதல் ஆட்டத்தின் பந்தும் அடுத்த ஆட்டத்தின் பந்தும் ஒரே முழுமையா,
முர்தசா பலகைக்கு ஓடினான், வட்டம் வரைந்தான்,
நியாவால் அதை அழித்துவிட்டுக் கட்டம் வரைந்தாள்,
நீ சொல்வது கூட்டலே இல்லை என்றான் ஒருவன்,
அப்படியானால் எதற்குப் பெயர் கூட்டல் என்றாள் இன்னொருத்தி.
பக்கத்து அறை கோர்டன் எட்டிப் பார்த்தார்.
எல்லாம் சரிதானே?
இன்னும் தெரியவில்லை என்றேன்.

மணி அடித்தது.
வழக்கமாக, விடை கிடைத்ததும் விடைபெறுவோம்.
இன்று அது கிடைக்காமலே போனார்கள்,
தாழ்வாரம் முழுக்கக் கத்திக்கொண்டு.
ஐந்தில் இரண்டு
சரிக்குறியோ பெருக்கல் குறியோ இல்லாமல்
பலகையில் நின்றது.
பக்கத்தில் எழுதினேன், அழிக்க வேண்டாம்.

காரில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது,
இன்று பதிவு செய்யவில்லை.