நாற்பத்தொன்றாம் வரி

வரிசையில் முப்பத்தேழு திருத்தங்கள்.
விருதம்பட்டில் இரவு பதினொன்றரை,
சுவரில் சாய்ந்தால் முதுகு சுடுகிறது.
மின்விசிறி அனலை வாங்கி
அனலையே திருப்பித் தருகிறது.

பெரிய நிரல் ஒன்றுமில்லை.
தமிழ்ச் சொல்லைத் தேடித் தரும் இரண்டாயிரம் வரி,
சம்பளம் கிடையாது.
யார் யாரோ ஒட்டுப்போட்டு அனுப்புகிறார்கள்,
கிழியாத இடத்திலும் சிலர்.

முப்பத்தெட்டாவது சுபங்கர் மைத்தியுடையது.
ஒ, ள இரண்டும் தோளோடு தோள் நின்று
ஒற்றை எழுத்தாய் ஏமாற்றும் பிழைக்கு
அவர் கண்ட வழி:
ஒள எங்கிருந்தாலும் ஔ ஆக்கு.

ஓட்டிப் பார்த்தேன்.
ஔடதம் பிழைத்துக்கொண்டது.
ஒளி அவிந்துவிட்டது.
ஒளிந்தவன், ஒளித்து வைத்தது, எல்லாம்
கொம்பொடிந்து புள்ளி வட்டத்தில் தொங்கின.

'ஏற்க இயலாது' என்று எழுதி
அழித்தேன்.
'நல்ல முயற்சி', அதையும்.
ஒளியை மட்டும் அனுப்பினேன், உடைந்தபடியே.

இரண்டாம் வடிவம் விடிகாலை மூன்றேகாலுக்கு.
எனக்குத் தமிழ் தெரியாது, மன்னிக்கவும்.
மருந்துக்கடைப் பலகையைப்
பார்த்துப் பார்த்துத் தட்டினேன்,
இல்லை என்றது தேடல்.

மூன்றாவதில் பாதி ஒளி வந்தது.
நான்காவதில் பதினாறு சோதனை, அத்தனையும் பச்சை.
அடியில் ஒரு குறிப்பு:
நாளை தம்பிக்கு அறுவை,
பதில் தாமதமானால் பொறுக்கவும்.
லாட்ஜ், காந்தி ரோடு, வேலூர்.

பாலம் தாண்டினால்
ஷேர் ஆட்டோவில் கால்மணி நேரம்.
நடுவில் மணலும் மிச்சமில்லாத பாலாறு.

நான் செய்தது இவ்வளவுதான்:
நாற்பத்தொன்றாம் வரிக் கடைசியில்
தேவையில்லாத ஓர் இடைவெளி, நீக்கவும்
என்று பதில் போட்டேன்.
அனுப்பிய பிறகுதான் கை கூசியது.

ஒன்பது நாள் சத்தமில்லை.
காந்தி ரோட்டில் சாத்துக்குடி வாங்கப் போனவள்
வங்க எழுத்தில் இருந்த லாட்ஜ் பலகைகளை
அண்ணாந்து எண்ணினேன்.
பதினொன்று.
எந்தப் படியும் ஏறவில்லை.
ஏறி என்ன கேட்பது,
வரிக் கடைசியில் ஓர் இடைவெளி என்றா?

பத்தாம் நாள் அதை நானே எடுத்தேன்.
எழுதியவர்: சுபங்கர் மைத்தி.
சேர்த்தவர்: நா. ரேணுகா.
இரண்டு பெயர்களுக்கும் நேரம் வேறு வேறு.

பலகையைப் பார்த்து அவர் தட்டியதுபோலவே
ஒ தட்டி, ள தட்டித் தேடினேன்.
ஔடதம் வந்தது.
ஒளி, அதுவும் வந்தது.

சாத்துக்குடி இன்னும் பையிலேயே இருக்கிறது.
வரிசையில் நாற்பத்திரண்டு.