ஒரு பேச்சுக்கு

அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கம்:
“செட்டிநாட்டு ஊருணிகள் பன்னிரண்டு ஆண்டுகளாக நிரம்பவில்லை.”
வாக்கியத்தின் தோளில் கொசுவைப்போல
உட்கார்ந்திருந்தது ஓர் எண், 117.
அதை நசுக்கிப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

117 இன்னோர் அறிக்கையைக் கைகாட்டியது.
அது ஒரு கருத்தரங்க மலரை.
மலர் ஒரு நாளிதழ்த் துணுக்கை.
துணுக்கு சொன்னது: “அப்பகுதி மக்கள் கூறுகின்றனர்.”
அப்பகுதி மக்களைத் தேடி
காரைக்குடியில் இறங்கி, புதுவயல் பஸ் ஏறினேன்.

அப்பகுதி மக்கள் ஒரே ஒருவர்.
சேவுகன் என்று பெயர்.
அரிசி ஆலைக் களத்தில்
அவித்த நெல்லைக் காலால் கிளறியபடி
“பன்னிரண்டுன்னா சொன்னேன்?
ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பேம்மா.
அந்தத் தம்பி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நின்னான்.
நடுவுல ஒரு வருஷம் நிரம்புச்சே,
கொழுந்தியா கல்யாணத்துல
பந்தக்காலெல்லாம் தண்ணியில நின்னுச்சு.”
கொஞ்சம் யோசித்து,
“ஆனா நெசமாத்தான் இருக்கும்.
அறிக்கையிலேயே போட்டிருக்காங்கன்னு சொல்றீங்களே.”

மறுநாள் வெள்ளிக்கிழமை.
மனிதர் வேண்டாம், மழைமானியைக் கேட்போமென்று
தாலுகா அலுவலகம் போனேன்.
வேம்பு ஒன்று அதற்குக் குடை பிடித்திருந்தது.
பதிவேட்டைப் புரட்டினேன்.
ஞாயிறுகளில் அந்த ஊரில் மழையே இல்லை.
திங்கட்கிழமைகள் கொட்டித் தீர்த்திருக்கின்றன,
தசமப் புள்ளிக்கு அப்புறமும் ஓர் இலக்கம் சுத்தமாக.
எழுத்தர் ஆரோக்கியம் சிரித்தார்:
“லீவுல பெய்யிற மழைக்கு யாருங்க கையெழுத்துப் போடுறது?”

இரவு, விடுதிக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகள்.
மேலதிகாரி: “வாக்கியம் நல்லா இருக்கு, விட்டுருங்க.”
அத்தை மகன்: “பாத்தியா, மொத்தமே புருடா.
வெயிலாவது மழையாவது.”
இருவருக்குமே நான் இவ்வளவு தூரம்
வந்திருக்கத் தேவையில்லை.

ஞாயிறு மத்தியானம் மறுபடியும் களத்தில் நின்றேன்.
பேச்சை விடுங்கள், காகிதம் ஏதாவது உண்டா என்றேன்.
சேவுகன் உள்ளே போய்
கம்பியில் குத்திய ரசீதுக் கொத்தோடு வந்தார்.
எல்லாம் தார்ப்பாய்.
அடியில் ஐப்பசிக்கு ஒன்று, ஐப்பசிக்கு ஒன்று.
மேலே வர வர மாசியில் இரண்டு, பங்குனியில் மூன்று.
மழை வரக்கூடாத மாதங்கள்.
யாரும் கேட்காததால் யாரும் திருத்தாத கணக்கு.

சந்தோஷப்படத் தெரியாத புத்தி எனக்கு.
தார்ப்பாய் மட்டமாகியிருக்கலாம்.
ஆலை பெரிதாகியிருக்கலாம்.
எலி கடித்ததோ என்று கேட்டேன்.
“எலியுந்தான்” என்றார்.
பல ரசீதுகளில் கம்பி துளைத்த இடத்தில்
சரியாக வருஷம் போயிருந்தது.

பன்னிரண்டை அடித்தேன்.
‘பல’ என்று எழுதினேன்.
பல என்பது சோம்பேறியின் எண்.
அதையும் அடித்துவிட்டு
பேனாவோடு உட்கார்ந்திருந்தபோது
நெல்லின் நிறம் மாறியது.
“தூக்குங்கடி!” என்று ஒரு குரல்.
ஆறு பெண்கள் ஓடி வந்தார்கள்,
ஏழாவது முனைக்கு ஆளில்லை.
பையைக் கீழே போட்டுவிட்டுப் பிடித்தேன்.
நீலப் பாய் வயிறு உப்பி என்னை இழுத்தது.
முதல் சொட்டு கைக்கடிகாரத்தின் மேல் விழுந்தது.

பங்குனி ஏழு.
நாலு மணி பத்து நிமிஷம்.
ஞாயிற்றுக்கிழமை.