தாழையூத்துத் தூள்

அறுபது பங்கு தாழையூத்துச் சுண்ணாம்பு,
நாற்பது கரித்தூள்:
நேற்று மூடி தெறித்தது. அளவுமானி முள்
இன்னும் நேராகவில்லை.

இன்று எழுபத்தைந்து. பொறி விட்டேன்.
சத்தமில்லை.
காது பொத்திய கையைப் பூலுடையார் எடுக்கவேயில்லை.
நோட்டில் எழுதினேன்: ஒன்றும் நடக்கவில்லை.
இதற்குத்தான் பதினோரு மாதமாகச் சம்பளம்.

சுரங்கம் நான் பார்த்ததில்லை.
சுவரெல்லாம் இதைத் தூவுவார்களாம்.
கரி கிளம்பும் அந்த நொடியில்
இதுவும் கிளம்ப வேண்டும், கூடவே.
ஒரு மூச்சு பிந்தினாலும் போச்சு.

"குத்தாலத்துல சாரல் விழுதாம், வாரியளா?"
வேன் பேசியிருக்கிறார்கள்.

சன்னலைச் சாத்திவிட்டு
சாக்குக்குள் கைவிட்டேன்.
ஈரம்.
கொழுக்கட்டை பிடிக்கலாம் போல.
இது எங்கே பறக்க?

எழுபத்தைந்துக்குப் பக்கத்தில் பென்சிலால்
'காய்ந்திருந்தால்' என்று சேர்த்தேன்.