எடைச்சீட்டின் பின்பக்கம்

காவேரிப்பட்டணம் சாலை, மாங்காய் மண்டி.
வைகாசி. தோத்தாபுரி வந்து குவிகிற மாதம்.
எடை போட்டுச் சீட்டு எழுதுகிறவள் நான்.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
கிடைக்கிற கால்மணியில்
சீட்டைத் திருப்பிப்போட்டு ஆட்களை வரைவேன்.

நல்லா இருக்குது என்றார்கள் எல்லோரும்.
இந்த மண்டியில்
மாங்காய்க்குக்கூட யாரும் அப்படிச் சொல்வதில்லை.
அழுத்திப் பார்த்து, மோந்து பார்த்து,
காம்பு கிள்ளிப் பால் பார்த்து
பிறகுதான் வாயைத் திறப்பார்கள்.

திம்மராயன் மட்டும்
கிரேடை இறக்கிவைத்த மூச்சோடு குனிந்து பார்த்தான்.
"இந்த ஆளு தலமேல ஒண்ணுமில்லையே."
மூட்டை வரைஞ்சிருக்கேன், பாரு.
"மூட்டை இருக்குது. சொமை இல்ல."

காலிக் கிரேடை என் தலையில் வைத்தான்.
ஒவ்வொன்றாய்க் காய் போட்டான்.
ஏழாவது காயில் தாடை தானாக உள்ளே போயிற்று.
பன்னிரண்டில் இடுப்பு ஒருபக்கம் ஒதுங்கியது.
இருபதில் கால்விரல்கள்
செருப்புக்குள்ளேயே தரையைத் தேடின.
"இப்ப வரை" என்றான்.
எதைக்கொண்டு வரைய,
இரண்டு கையும் மேலே இருக்கும்போது?

கழுத்து ஒரு குழாய் இல்லை.
காதுக்குப் பின்னாலிருந்து கிளம்பி
நெஞ்சுக்குழியில் வந்து சேர்கிற இரண்டு கயிறு.
பாரம் ஏறினால் முறுக்கும்.
அன்றிரவு பதினொரு கழுத்துகளை அழித்தேன்.

நஸ்ரீன், என் அறையின் மறு கட்டில்,
அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி.
பென்சில் வாங்கமாட்டாள்,
நகத்தால் காகிதத்தில் கீறிக் காட்டுவாள்.
"உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் கண்.
நீ நெத்தியில கஞ்சத்தனம் பண்ற.
இவங்களுக்கெல்லாம் மூளை எங்க இருக்கும்?"
"முழங்கை இடுப்பெலும்புக்கு மேல நிக்கணும்.
உன் ஆளுங்க முட்டியச் சொறியக்
குனியவே வேணாம் போலிருக்கே."

இரண்டு நாள் பேசவில்லை நான்.
மூன்றாம் நாள் அவள் சோறு பிசைகையில்
முழங்கையைத் திருட்டுத்தனமாய் அளந்தேன்.
சரிதான்.

அப்புறம் ஒன்று கேட்டாள்:
"ஏன் ஒருத்தருக்கும் கையே இல்ல?"
சாக்குக்குப் பின்னால், லுங்கி மடிப்பில்,
லாரிக் கதவுக்கு அந்தப் பக்கம்,
என் சீட்டுகளில் கை எப்போதும்
எங்கேயோ போயிருக்கும்.
விளக்கை அணைத்துவிட்டேன்.

ஆனியில் ஒருநாள் மழை. லாரி இல்லை.
கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு
"என்னைப் போடு" என்று உட்கார்ந்தான் திம்மராயன்.
கண்ணைப் பாதியில் வைத்தேன்.
நெற்றியைத் தாராளமாய்க் கொடுத்தேன்.
வலது தோள் இடதைவிட
இரண்டு விரல்கடை கீழே இருந்தது.
இருந்தபடி போட்டேன்.

"தோளு கோணலாப் போச்சு."
கோணல் இல்லை.
"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது."
ரப்பரை எடுத்து நீட்டினான். வாங்கவில்லை.
முதல்தடவையாக நான் சரி, அவன் தப்பு.
அதில் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்,
படக்கூடாதுதான்.

நஸ்ரீன் அந்தச் சீட்டை
விளக்கடியில் வெகுநேரம் வைத்திருந்தாள்.
ஒரு திருத்தமும் சொல்லவில்லை.
"இந்த ஆளை
புதன்கிழமை வரச்சொல்லு."

வேண்டாவெறுப்பாய்ப் போனான்.
எக்ஸ்ரே கவரோடு திரும்பினான்.
தராசுக்கு மேலிருக்கிற ஜன்னலில்
பிலிமை வெயிலுக்குக் காட்டி
கூட்டத்தையே கூப்பிட்டான்:
"எலும்பெல்லாம் ஒண்ணு விடாமப் போட்டிருக்காங்க.
மூஞ்சியத்தான் மறந்துட்டாங்க."

ஒரு மாதம் சுமை தூக்கக்கூடாது.
கூலியும் இல்லை.
வீட்டில் இருப்புக் கொள்ளாமல்
தராசுப் பக்கம் வந்து உட்கார்ந்து
கிலோவை எனக்கு முன்னால் படிக்கிறான்.
அவன் கை, எதையும் பிடிக்காமல்,
தொடைமேல் மல்லாந்து கிடக்கிறது.

சீட்டைத் திருப்பினேன்.
நாலு விரல் ஒரு வரிசை.
கட்டைவிரல் அந்த வரிசையில் நிற்பதில்லை,
பக்கத்திலிருந்து தனியாய்க் கிளம்புகிறது.
உள்ளங்கையில் கிரேடின் விளிம்பு
அழுத்தி அழுத்திப் போட்ட பள்ளம்.

எட்டிப் பார்த்தான்.
"கட்டைவெரல் பெருசு."

அழித்தேன்.