பூஜ்ஜியம் போட்ட டிக்கெட்

அரவேணுவில் ஏறினால்
கோத்தகிரி வரை டிக்கெட்டில் இப்போது பூஜ்ஜியம்.
மற்றவர்கள் கசக்கி எறிகிறார்கள்.
மரகதவல்லி மட்டும்
முன்பு கொடுத்த பன்னிரண்டு ரூபாயை
இன்றும் கொடுக்கிறாள்,
கண்டக்டருக்கு அல்ல,
மூடி நசுங்கிய ஹார்லிக்ஸ் டப்பாவுக்கு.
திரும்பி வந்ததும் இன்னொரு பன்னிரண்டு.

"ஓசி பஸ்ஸுக்குக் காசு கட்டுற ஒரே ஆளு நீதான்"
புருஷன் சிரித்தான்.
அவள் மூடியை அழுத்தினாள்.

கொழுந்து கிள்ளுகிற வீட்டில்
டஸ்ட் டீ, பால் ஒரு வேளை.
அக்காளின் ஸ்வெட்டரைப் பிரித்து
தம்பிக்குப் பின்னியதில்
கைப்பக்கம் நூல் போதவில்லை.
பிறந்தநாளுக்குக் கேக் இல்லை, கால் கிலோ வர்க்கி.
சின்னவன் அழுதான்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐப்பசியில் ரோடு சரிந்து
பதினோரு நாள் வேலை இல்லை.
மளிகைக்காரர் கடன் நோட்டைப் பிரித்து
எழுதாத பேனாவை உதறினார்.
எண்ணி வைத்தாள்,
எல்லாம் பத்தும் இரண்டுமாக.
பேனா அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை
தண்டல்காரன் பைக் வாசலில் வேகம் குறைத்தது.
உள்ளே குக்கர் விசில்.
"ஏதும் வேணுமாக்கா, மழையாச்சே?"
"வேணாம் தம்பி."

இதைச் சொல்ல
அவளுக்கு ஏழு மாதம் ஆனது.

பைக் நனைந்துகொண்டே
அடுத்த லைன் வீட்டுக்குப் போனது.