அளவுக்கு ஓர் ஆள்

கண்ணாடித் தகட்டில் எடுத்த படமாம்.
மண்டல அலுவலகக் கோப்பில் பதினேழாம் பக்கம்,
ஈரம் குடித்து விளிம்பு உப்பிய நகல்.
அடியில் யாரோ தட்டச்சு செய்திருக்கிறார்கள்:
கறுப்பர் நகரம். கிடங்கு, கிழக்கு முகம்.
தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை.

ஆள் நடமாட்டம் இல்லாத மண்ணடி!
லிங்கிச் செட்டித் தெருவில் வண்டி நிறுத்த
ஒரு முழம் இடம் கிடைக்காமல்
மூன்று சுற்று சுற்றி வந்தவள் நான்.
டேப்பின் நுனியைப் பிடித்தபடி தேசிங்கு சொன்னான்:
"அன்னிக்கி பந்த்தா இருக்கும் மேடம்."

பந்த் இல்லை.
அந்தக் காலத்துக் கேமராவுக்குக் கண் மந்தம்.
மூடியைக் கழற்றி, நிதானமாக எண்ணி,
திரும்ப மூட வேண்டும்.
அதற்குள் நகர்ந்த யாரும் தகட்டில் ஒட்டவில்லை.
மசூலாப் படகிலிருந்து மூட்டை இறக்கி
நனைந்த இடுப்போடு கரையேறி வந்த கூட்டம்,
தண்ணீர்க் குடத்துக்காரி,
அவளை முந்திக்கொண்டு ஓடிய பல்லக்குத் தூக்கிகள்,
கணக்குச் சுவடியை அக்குளில் இடுக்கிய ஒருவர்
எல்லாரும் அந்தத் தெருவில்தான் இருந்தார்கள்.
வேலையாக இருந்தார்கள்.
அதனால் இல்லாமல் போனார்கள்.

தூங்கிய நாய் விழுந்திருக்கிறது, வால் இல்லாமல்.
வண்டி மாடு ஒன்று, தலை இல்லாமல்.
ஈ ஓட்டியிருக்கும்.
எட்டுத் தூண்கள், சுண்ணாம்பு மினுங்க,
கல்யாணத்துக்கு வந்தவை போல.

அப்புறம் மூன்றாம் தூணோரம் ஓர் ஆள்.
இடுப்பில் துண்டு. தொடையோடு ஒட்டிய கைகள்.
அசையாதே என்று துரை சொன்னதை
துபாஷி அதட்டலாக மாற்றிச் சொல்லியிருப்பான்.
அவன் முகத்துக்காக அல்ல;
தூணின் உயரம் தெரிய வேண்டுமே.
பாதங்கள் துல்லியம், நகம் வரை.
முகம் மட்டும் கலங்கல்.
கடைசி எண்ணிக்கையில்
யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இன்றைக்கு எனக்கும் அவன் தேவைப்படுகிறான்.
தார் மேல் தார் போட்டுப் போட்டு
தெரு ஏறிவிட்டது, படிகளைக் காணோம்.
இன்று தரைக்கு மேல் தூண் பதினெட்டே முக்கால் அடி.
படத்தில் அது நாலு ஆள் உயரம்.
அவனை ஐந்தரை அடி என்று வைத்துக்கொண்டால்
தூண் இருபத்திரண்டு.
மூன்றே கால் அடி மண்ணுக்குள்.
மண்ணடி என்று சும்மாவா பேர்.
ஆனால் அவன் ஓர் அங்குலம் குட்டையென்றால்
தூணில் நாலு அங்குலம் குறையும்.
எந்தப் பதிவேட்டில் போய்த் தேடுவேன்
அந்த ஓர் அங்குலத்தை?

மாலைக்குள் படம் ஏற்ற வேண்டும்:
இடிந்து விழும் நிலை, கிழக்கு முகம்,
அளவுக்கு ஏதேனும் ஒன்று அருகில்.
அளவுகோலை அலுவலகத்திலேயே விட்டு வந்திருந்தேன்.
"தேசிங்கு, அந்த மூணாவது தூண்கிட்ட போய் நில்லு."
தலையைக் கோதிக்கொண்டு போனான்.
"மூஞ்சி வருமா மேடம்?"
"அசையாதே."

என் ஃபோன் ஒன்றையும் விடவில்லை.
மீன்பாடி வண்டியில் ஏறிய இரும்புக் கம்பிகள்,
கறுப்புத் துணியின் மடிப்பில் ஒரு குழந்தையின் கை,
மசூதிக்கு விரைகிறவரின் அந்தரத்தில் நின்ற கால்,
காற்றில் ஒரு வெங்காயத் தோல்.
பூதம் பூதமாய் எட்டுத் தூண்கள்.
அவற்றுக்குக் கீழே தேசிங்கு.

குனிந்து பார்த்தான்.
"தூணு நல்லா வந்துகீது மேடம்."

படிவத்தில் அளவு என்று ஒரு கட்டம்.
"உன் உயரம் எவ்ளோ?"
"தெரியாதே. யாரு அளந்தா?"

பதினோரு வருஷமாக
என் டேப்பின் மறுநுனியைப் பிடிக்கிறவன்.
எத்தனை சுவர், எத்தனை சாக்கடை, எத்தனை தூண்.

நுனியை அவனிடமிருந்து வாங்கித்
தரையில் வைத்து மிதித்துக்கொண்டேன்.
அவன் தூணில் முதுகைச் சாய்த்து,
ஒரு நொடி யோசித்து, கேட்டான்:
"செருப்பைக் கழட்டணுமா மேடம்?"